பகாப்பதமும் பகா எண்ணும்

சொற்களைப் பகாப்பதம், பகுபதம் என இருவகைப்படுத்தினார் நன்னூலார். எண்ணூலாரும் எண்களை அவ்வாறே வகுப்பர். ஒன்றின் மிக்கதாய், ஒன்றாலும் தன்னாலுமன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாதது பகா எண். வகுபடுவது பகு எண். 7 முன்னதற்கும், 15 பின்னதற்கும் எடுத்துக்காட்டாம். சிற்றெண்களில் இவ்வேறுபாடு எளிதிற் புலனாகும். பேரெண்களிலோ புலமை மிக்காரும் மயங்குவர். அதற்குச் சான்றாக 4294967297 என்னும் எண்ணை ஈண்டு ஆராய்வாம்.

பிரெஞ்சு நாட்டுக் கணிதப் பேரறிஞராகிய பெர்மா, 2-இன் 1, 2, 4, 8, 16 ஆம் அடுக்குகளோடு ஒவ்வொன்று கூட்ட, முறையே 3, 5, 17, 257, 65537 வரக் கண்டார். இவ்வைந்தும் பகா எண்களே. ஆதலின், அடுக்கை இவ்வாறே இரட்டித்துச் செல்ல வருவன யாவும் பகா எண்களாம் என 1640-இல் எழுதினார். அதற்கு நிரூபணம் கைகூடவில்லை என்பதையும் அவர் மறைத்திலர். வரிசையில் அடுத்து நிற்பது, 2-இன் 32 ஆம் அடுக்கோடு ஒன்று கூட்டிய நம் எண்ணே.

தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1732-இல் ஆய்லர் என்பார் இவ்வெண் 641-ஆல் வகுபடும் எனக் காட்டினார். 641-ஐ 6700417-ஆற் பெருக்கினால் 4294967297 வருதலை வாசகர் தாமே செய்து காண்க.

பெருக்காமலே அறியும் வழியும் உண்டு. 640 என்பது 5-ஐ 2-இன் 7 ஆம் அடுக்காற் பெருக்கியது. ஓர் எண்ணின் நான்காம் அடுக்கில் ஒன்று குறைப்பின், எஞ்சுவது அவ்வெண்ணினும் ஒன்று மிக்கதால் வகுபடும் என்பது விதி. எனவே 640-இன் நான்காம் அடுக்கில், அதாவது 625-ஐ 2-இன் 28 ஆம் அடுக்காற் பெருக்கியதில், ஒன்று குறைய நிற்பது 641-ஆல் வகுபடும். இனி, 641 என்பது 625-உம் 16-உம் சேர்ந்தது. அதனை 2-இன் 28 ஆம் அடுக்காற் பெருக்கின், முற்கூறிய பெருக்கற்பயனும் 2-இன் 32 ஆம் அடுக்கும் சேர்ந்து வரும். இத்தொகையும் 641-ஆல் வகுபடுவதே. இதனின்று முன்னதைக் கழிக்க, எஞ்சுவது நம் எண். வகுபடும் இரண்டின் வேறுபாடும் வகுபடுமன்றோ?

641, 6700417 ஆகிய இரண்டும் பகா எண்கள். ஆகவே நம் எண் ஒற்றைப்படை எண், பகு எண், வெவ்வேறான இரு பகாக் காரணிகளே உடையது. தன்னையொழிந்த காரணிகளின் தொகை 6701059 மட்டுமே ஆதலின் குறை எண்ணுமாம். மேலும், இது 65536, 1 என்பவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை. 62264, 20449 என்பவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையும் இதுவே. பகா எண் எதுவும் இங்ஙனம் இருவகையாய்ப் பிரியாது. ஆதலின் இதுவும் ஒரு சான்றாம். இன்றுகாறும் பெர்மா கண்ட ஐந்தையன்றி அவ்வரிசையில் வேறு பகா எண் அறியப்படவில்லை.

ஐந்து சான்றுகள் ஒத்து வந்தும் ஆறாவது பிழைத்தது. இலக்கியம் பயிலும் யாமும், நாலைந்து மேற்கோள் இணங்கக் கண்டவுடன் ஒரு விதியை நிலைநாட்ட விரைகின்றோம். பேருரையாசிரியர் பெயரைக் கேட்டவளவில் ஆராய்ச்சியை நிறுத்திக்கொள்கின்றோம். பெர்மாவின் பெருமை இப்பிழையாற் குன்றவில்லை. நிரூபணம் இல்லை என்று உரைத்த அவரது நேர்மையே பின்வந்தார்க்கு வழி திறந்தது. பெரியோரைப் போற்றுவோம், எனினும், அவர் தந்த எண்ணை நாமும் ஒருமுறை வகுத்துப் பார்ப்போமாக.