வீதி வழியே நூல்கள்: சென்னையின் தொடக்ககாலப் புத்தக வணிகம்

நுழையும்முன்

அச்சேறிய நூல் அனைத்தும் படிப்போரை அடைந்துவிடுவதில்லை. அது எவ்வீதியில், எவ்விலையில், யாருக்கு விற்கப்பட்டது என்பதும் நூல் வரலாற்றின் ஒரு பகுதியே. சென்னை வீதிகளின் வழியே அவ்வரலாற்றை அறிவோம்.

வேப்பேரியும் கோட்டையும்

1761இல் புதுச்சேரியைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், அங்கிருந்த அச்சுப்பொறியைச் சென்னைக்குக் கொண்டுவந்தனர். அது வேப்பேரியில் வாழ்ந்த செருமானியச் சமயத்தொண்டர் பெப்ரிசியசிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி 1779இல் வெளிவந்தது. 1812இல் தோன்றிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி, ஆங்கிலேய அலுவலர் தென்னாட்டு மொழிகளைக் கற்பதற்கு உதவும் நூல்களை அச்சிட்டது. வீரமாமுனிவரின் சதுரகராதி 1824இல் அச்சேறியதும் இக்கல்லூரியின் முயற்சியாலேயே. அந்நாளில் அச்சுத்தொழில் பெரும்பாலும் சமயத்தொண்டர்களிடமும் அரசிடமுமே இருந்தது.

தங்கசாலைத் தெரு

1835ஆம் ஆண்டுச் சட்டம் அச்சகங்கள் மீதிருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அதன்பின் இந்தியர் நடத்திய அச்சகங்கள் பெருகின. துறைமுகத்திற்கு அண்மையில், வணிகர் நிறைந்திருந்த தங்கசாலைத் தெருவில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தம் அச்சகத்தை நிறுவினார். முதலீடு செய்வோர் அரியராய் இருந்தமையால், பதிப்பாசிரியர்கள் நூல் வெளிவருமுன்பே வாங்குவோரிடம் கையொப்பமும் பொருளும் பெற்றனர். உ.வே.சாமிநாதர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததும் இத்தகைய ஆதரவைத் துணைக்கொண்டே. மவுண்ட் ரோட்டிலோ 1844இல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ் ஆங்கிலம் கற்றோரின் புத்தகக் கடையாக விளங்கியது.

குஜிலிக் கடைத்தெரு

பூங்கா நகரை ஒட்டிய குஜிலிக் கடைத்தெருவின் நிலை வேறு. கொலை, வெள்ளம், இரயில் விபத்து, விலையேற்றம் ஆகியவற்றைப் பாடும் சிறு நூல்கள் மலிவான தாளில் அச்சாகிச் சில காசுகளுக்கு விற்கப்பட்டன. விற்போர் அவற்றைப் பாடிக்காட்டியே விற்றனர். எழுத்தறியாதவரும் கேட்டு இன்புற்றனர். கற்றோர் அவற்றை இழிவாகக் கருதினர், நூலகங்களும் பேணவில்லை. அதனால் அழிந்தவை பல. கோட்டையூர் ரோஜா முத்தையா போன்றோர் திரட்டியமையால் எஞ்சியவை சில. அவர் சேர்த்த நூல்கள் இன்று சென்னை, தரமணியில் ஆய்வு நூலகமாக விளங்குகின்றன.

பெருங்காப்பியம் ஒரு காலத்தின் புலமையைக் காட்டும். காலணா நூல் அக்காலத்து எளியோரின் அச்சத்தையும் மகிழ்ச்சியையும் காட்டும். இரண்டையும் காப்பதே முழுமையான வரலாறாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் பழைய புத்தகக் கடை அல்லது அச்சகம் அமைந்த இடத்தைக் கண்டறிந்து, அது அங்கு அமைந்ததற்கான காரணங்களை எழுதுக.
2. ‘இன்றைய துண்டறிக்கைகள் நாளைய வரலாற்று ஆவணங்கள்’ – வகுப்பில் கலந்துரையாடுக.