உருவத் தொடர்பு வினாக்களும் எமது பிள்ளைகளும்

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் முதலாம் வினாத்தாள் நுண்ணறிவைச் சோதிப்பது. அண்மைய ஆண்டுகளில் அதற்கு 40 வினாக்கள், ஒரு மணித்தியாலம். ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடமே கிடைக்கும். அவற்றுள் எமது பிள்ளைகள் பலர் தடுமாறுவது உருவத் தொடர்பு வினாக்களிலாகும். முதலிரு உருவங்களுக்கிடையே உள்ள தொடர்பைக் கண்டு, மூன்றாவது உருவத்துக்கு அதே தொடர்புடைய சோடியைத் தெரிய வேண்டும்.

பெற்றோர் மாதிரி வினாத்தாள்களை அடுக்கடுக்காக வாங்கிக் கொடுக்கின்றனர். பிள்ளையோ விடையைப் பாடமாக்கி விடுகின்றது. அதனாற் பயனில்லை. விடைகளைக் கடதாசியால் மூடிவிட்டு, முதற்சோடியில் என்ன மாறியது என்று வாயாற் சொல்லச் செய்யுங்கள். எண்ணிக்கையா, பருமனா, நிறமா, இடமா, திசையா? பல வேளைகளில் இரண்டு மாற்றங்கள் சேர்ந்தே வரும். ஒன்றை மட்டும் கண்டு அவசரப்படும் பிள்ளைக்கென்றே ஒரு பிழையான விடையும் அங்கே காத்திருக்கும்.

சுழற்சிக்கும் விம்பத்துக்கும் உள்ள வேறுபாடே கடினமானது. உருவத்தை எண்ணெய்த் தாளில் வரைந்து கொடுங்கள். மேசையை விட்டு எடுக்காமல் திருப்பிப் பொருந்தினால் அது சுழற்சி. தாளைக் கவிழ்த்தாற்றான் பொருந்துமெனில் அது விம்பம்.

இதைச் சொல்லும் நானே ஒருமுறை தவறினேன். ஆலய மண்டபத்தில் மாலை வேளையில் சிறார்களுக்கு உதவி வந்த காலம். மேல்நோக்கிய அம்புக்குறி கீழ்நோக்கியதாக மாறுகிறது. வலப்புறம் பறக்கும் கொடி எவ்வாறு மாறும் என்று ஒரு வினாவை நானே வரைந்தேன். நான் எண்ணியது அரைச்சுற்று. கொடி தலைகீழாகி இடப்புறம் பறக்க வேண்டும். ஒரு சிறுமி தலைகீழாய் வலப்புறம் பறக்கும் கொடியைத் தெரிந்திருந்தாள். பிழை போட்டேன். முப்பது வருடம் கோப்புகளைச் சரிபார்த்த கை அல்லவா, யோசிக்கவில்லை.

அவள் அழவில்லை. "ஐயா, கேணிக்கரையில கொடியைப் பிடிச்சால் தண்ணிக்குள்ள இப்பிடித்தானே தெரியும்?" என்றாள்.

எண்ணெய்த் தாளில் அம்பை வரைந்து பார்த்தேன். சுழற்றினாலும் பொருந்தியது, கவிழ்த்தாலும் பொருந்தியது. இரு பக்கமும் ஒத்த உருவமாதலால் இரண்டு விடையும் சரியே; பிழை வினாவில்தான். எல்லாப் பிள்ளைகளின் முன்னிலையிலும் அவளது புள்ளியைத் திருத்திக் கொடுத்தேன். பின்பு அம்பின் வலப்பக்கத்தில் ஒரு கறுப்புப் பொட்டு இட்டு, கீழ்நோக்கிய அம்பில் அதனை இடப்பக்கம் வைத்து, அந்த வினாவை மறுபடி வரைந்தேன்.