வாலிபப் பிள்ளைகளின் தடுப்பூசியும் இருதயமும்

 

கொவிட்-19 தடுப்பூசியைப் பற்றி, அதிலும் பூஸ்டர் எனப்படும் கூடுதல் ஊசியைப் பற்றி, 2021-ம் வருஷம் முதல் நம்மவரிடையே இரண்டு கட்சிகள் உண்டு. அது பையன்களின் இருதயத்தைக் கெடுத்துவிடும் என்பது ஒரு கட்சி. அதெல்லாம் வெறும் வதந்தி என்பது மறு கட்சி. வரவு மட்டும் எழுதிய கணக்கும் கணக்கல்ல; செலவு மட்டும் எழுதிய கணக்கும் கணக்கல்ல. வியாபாரிகளாகிய நமக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் பாதிக் கணக்கை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லி விடுகிறோம். ஆகவே இரு பக்கத்தையும் இங்கே எழுதிப் பார்ப்போம்.

நோய் என்ன?

வைத்தியர்கள் இதை மயோகார்டைட்டிஸ் என்கிறார்கள். அதாவது இருதயத் தசையில் உண்டாகும் அழற்சி. இருதயத்தைச் சுற்றியுள்ள உறையில் உண்டானால் அதற்குப் பெரிகார்டைட்டிஸ் என்று பெயர். இவை தடுப்பூசியோடு புதிதாக வந்த நோய்கள் அல்ல. பலவகை வைரஸ் காய்ச்சல்களுக்குப் பின்னும் முன்பே கண்டவைதான். ஆனால் ஃபைசர், மாடர்னா என்ற எம்.ஆர்.என்.ஏ. வகை ஊசிகளுக்குப் பிறகு சிலருக்கு இது வந்தது உண்மை. வதந்தி என்று தள்ளுவதற்கில்லை. பெண்களைவிட ஆண்களுக்கும், முதியவரைவிட வாலிபருக்கும், முதல் ஊசியைவிட இரண்டாம் ஊசிக்குப் பிறகும் இது அதிகமாய்க் காணப்பட்டது. பெரும்பாலும் ஊசி போட்ட ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடும்.

சிங்கப்பூரில் 2021-ல் ஊசி போட்டுக்கொண்ட 16 வயதுப் பையன் ஒருவர் சில நாட்களில் கடுமையான உடற்பயிற்சிக்குப் பின் இருதயத் துடிப்பு நின்று போகும் நிலைக்கு ஆளானார். சுகாதார அமைச்சு அதை ஆராய்ந்து, ஊசியால் வந்திருக்கக்கூடிய இருதய அழற்சியாக இருக்கலாம் என்று கண்டு, 2,25,000 வெள்ளி உதவித்தொகை வழங்கிற்று. அவ்வருஷமே, வாலிபர்களும் 30 வயதுக்குட்பட்ட ஆண்களும் ஊசிக்குப் பின் கடும் பயிற்சியைத் தவிர்க்க வேண்டும் என்றும் அறிவித்தது. முதலில் ஒரு வாரம் என்றார்கள். பின்னர் அதை இரண்டு வாரமாக்கினார்கள்.

எத்தனை பேருக்கு?

அமெரிக்காவில் 2022-ல் வெளியான கணக்கு ஒன்றைப் பார்ப்போம். ஃபைசர் இரண்டாம் ஊசிக்குப் பிறகு, 16, 17 வயதுப் பையன்களில் பத்து லட்சம் ஊசிக்குச் சுமார் 106 பேருக்கு இந்த அழற்சி பதிவாயிற்று. அதாவது ஏறக்குறைய ஒன்பதாயிரத்து ஐந்நூறு பையன்களில் ஒருவர். அதே வயதுப் பெண்பிள்ளைகளில் பத்து லட்சத்துக்குச் சுமார் 11. பூஸ்டருக்குப் பிறகு 12 முதல் 17 வயதுப் பையன்களில் பத்து லட்சத்துக்குச் சுமார் 11 என்று அங்கே பதிவாயிற்று. பிற்காலத்து ஊசிகளைக் குறித்து, 12 முதல் 24 வயது ஆண்களுக்குப் பத்து லட்சத்துக்குச் சுமார் 27 என்று 2025-ல் அந்நாட்டு மருந்து இலாகா மருந்துக் குறிப்பில் எழுதச் செய்தது. எப்படிப் பார்த்தாலும் இது அபூர்வம். ஆனால் பூஜ்யமல்ல.

வந்தவர்களில் பெரும்பாலோர் ஓய்வாலும் சாதாரண மருந்தாலும் தேறினார்கள். மூன்று மாதங்களுக்குப் பின் விசாரித்ததில் நூற்றுக்கு 81 பேர் குணமாகிவிட்டதாக வைத்தியர்கள் கருதினார்கள். மீதிப் பேரைத் தொடர்ந்து கவனிக்க வேண்டியிருந்தது என்பதையும் மறைக்கலாகாது.

தராசின் மறு தட்டு

கொவிட் நோயும் இருதயத்தைத் தாக்குகிறது. 12 முதல் 17 வயதுப் பையன்களில், இரண்டாம் ஊசிக்குப் பின் வந்ததைவிட நோய்க்குப் பின் வந்த இருதயக் கோளாறே அதிகம் என்று 2022-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கண்டது. அதே வருஷம் இங்கிலாந்து ஆய்வு ஒன்று, 40 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு மாடர்னா இரண்டாம் ஊசிக்குப் பின் வந்த அழற்சி, நோயால் வந்ததைவிட அதிகம் என்று கண்டது. ஆக, எந்த ஊசி, எத்தனையாவது ஊசி, எந்த வயது என்று கேளாமல் பொதுவாகப் பேசுவது தவறு.

காலத்தையும் கவனிக்க வேண்டும். 2021-ல் நம் பிள்ளைகளின் உடலில் இந்த நோய்க்கு எதிர்ப்பே இல்லை. அன்று முதல் ஊசிகளால் கிடைத்த பயன் பெரிது. அதன்பின் பெரும்பாலோர் ஊசியும் போட்டு, நோயும் கண்டு தேறிவிட்டார்கள். ஆரோக்கியமான பையனுக்கு இன்னுமோர் ஊசி தரும் கூடுதல் பயன் அன்றைய பயனைவிடச் சிறியது. 2023 மார்ச்சில் உலகச் சுகாதார நிறுவனம் ஆரோக்கியமான பிள்ளைகளையும் வாலிபர்களையும் முன்னுரிமை குறைந்தவர்கள் என்று வகுத்ததும் இதனால்தான். சிங்கப்பூரிலும் 2024-ல் 60 வயதானவர்களையும் நோயால் பலவீனப்பட்டவர்களையுமே முக்கியமாக ஊக்குவித்தார்கள். மற்றவர்கள் விரும்பினால் போடலாம் என்றார்கள்.

மார்க்கம் காட்டும் வழி

கி.பி. 639 வாக்கில் ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியபோது, அங்கே சென்றுகொண்டிருந்த கலீபா உமர் (ரலி) அவர்கள் ஸர்கு என்ற இடத்தில் செய்தியறிந்து நின்றார்கள். முஹாஜிர்களையும் அன்சாரிகளையும் கேட்டார்கள். கருத்து இரண்டாய்ப் பிரிந்தது. குறைஷி முதியோரைக் கேட்டார்கள். அவர்கள் திரும்பிவிடச் சொன்னார்கள். அவ்வாறே திரும்பத் தீர்மானித்தார்கள். இது அல்லாஹ்வின் விதியைவிட்டு ஓடுவதாகாதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டதற்கு, வறண்ட மேட்டில் மேய்த்தாலும் செழித்த மேட்டில் மேய்த்தாலும் இரண்டும் அவன் விதிப்படியே என்ற கருத்தில் உமர் (ரலி) பதிலளித்தார்கள். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகவும் வேண்டாம், அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்ற நபி (ஸல்) அவர்களின் போதனையை அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) வந்து எடுத்துச் சொன்னபோது அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள்.

இதில் நமக்குள்ள பாடம் யாதெனில், அறிந்தவரைக் கேட்பதும் யோசித்து முடிவு செய்வதும் தவக்குலுக்கு விரோதமல்ல. கருத்து வேறுபட்ட ஸஹாபாக்கள் ஒருவரையொருவர் ஈமானில் குறைந்தவராகப் பேசவில்லை. ஊசி கூடும் என்று சிங்கப்பூர் முயிஸும் மலேசிய பத்வாக் குழுவும் 2020 டிசம்பரிலேயே சொல்லிவிட்டன. கூடுதல் ஊசி விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கும்போது, பிள்ளைக்குப் போட்ட தகப்பனாரையும் போடாத தகப்பனாரையும் ஏசிப் பேச யாருக்கும் இடமில்லை.

பெற்றோர் செய்ய வேண்டியவை

1. பிள்ளைக்கு நீரிழிவு, ஆஸ்துமா, பிறவி இருதயக் கோளாறு முதலியவை உண்டா என்று பாருங்கள். உண்டானால் நோயே அவனுக்குப் பெரிய ஆபத்து. வைத்தியரைக் கேட்காமல் ஊசியைத் தள்ளாதீர்கள்.

2. முந்திய ஊசிக்குப் பின் நெஞ்சுவலி வந்திருந்தால் அதை முதலில் வைத்தியரிடம் சொல்லுங்கள். அழற்சி என்று ஊர்ஜிதமானவருக்கு அவ்வகை ஊசியைப் பொதுவாக மீண்டும் போடுவதில்லை.

3. கைப்பேசியில் வரும் செய்தியைக் காட்டி மனைவியோடு வாதாடாதீர்கள். இருவருமாக வைத்தியரிடம் போங்கள். பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

4. ஊசி போட்டால் அவன் கால்பந்தையும் எடைப் பயிற்சியையும் சில நாட்கள் நிறுத்தட்டும். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், படபடப்பு, மயக்கம் கண்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இ.சி.ஜி. படமும் ட்ரோபோனின் என்ற இரத்தப் பரிசோதனையும் விஷயத்தைக் காட்டும். வாப்பா கோபிப்பார் என்று அஞ்சிப் பிள்ளை வலியை மறைத்துவிடக் கூடாது. இதை முன்கூட்டியே அவனுக்குச் சொல்லி வைப்பது நம் கடமை.

முடிவாக ஓர் எச்சரிக்கை. ஒரு சரக்கில் கண்ட குறையைக் கடையிலுள்ள எல்லாச் சரக்கின் மேலும் ஏற்றக் கூடாது. இந்த ஊசியைப் பற்றிய சந்தேகத்தைத் தட்டம்மை, தொண்டை அடைப்பான், போலியோ ஊசிகளின் மேல் ஏற்றுவது பெரும் ஆபத்து. மலேசியாவில் 2016-ல் கெடாவில் ஊசி போடாத பிள்ளைகளைத் தொண்டை அடைப்பான் பறித்துக்கொண்டது. 27 வருஷங்களாய்க் காணாத போலியோ 2019 டிசம்பரில் சபாவில் திரும்பி வந்தது. ஹஜ்ஜுக்குப் போகிறவர் மூளைக்காய்ச்சல் ஊசியைத் தயங்காமல் போட்டுக்கொள்கிறாரே, அந்தத் தெளிவு பிள்ளைகள் விஷயத்திலும் நமக்கு வேண்டும்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளையும் நிறைந்த சுகத்தையும், நமக்கு நிதானமான அறிவையும் தந்தருள்வானாக. ஆமீன்.