ஊர் இழந்தோர் அமைத்த ஊர்கள்
திருநெல்வேலி அங்கிலிக்கன் சபையின் நினைவுகளிலிருந்து ஒரு பாடம்

சென்ற காலாண்டில், மீளக் குடியேறிய ஒரு கிராமத்தின் விவசாயக் குழுவோடு கூடியிருந்தபோது ஒரு வாக்குவாதம் எழுந்தது. பொதுக்கிணற்றுக்கும் விதைநெல் வைக்கும் ஒரு கொட்டிலுக்குமாக இரண்டு பரப்புக் காணி தர ஒருவர் முன்வந்திருந்தார். உறுதியை யாருடைய பெயரில் எழுதுவது? தலைவரின் பெயரில் எழுதலாம் என்றனர் சிலர். "கோயிலின்ரை பேரிலை எழுதுங்கோ சுவாமி, அப்பதான் ஒருத்தரும் கைவைக்கமாட்டினம்" என்றார் ஒரு வயோதிபத் தாய். எம்மீது அவர் வைத்த மதிப்பு அது. ஆயினும் உடனே "ஓம்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் பதில் சொல்வதாகக் கூறி வந்துவிட்டேன். அந்தப் பதிலின் முற்பகுதி இந்தப் பாடம்.

நான் சொல்லப்போவது எமது கத்தோலிக்க சபையின் கதையன்று. கடலுக்கு அப்பால், தமிழகத்தின் தென்கோடியில் திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்த அங்கிலிக்கன் சபையின் கதை. குருமடத்தில் நாம் படித்த திருச்சபை வரலாற்றில் இது அரைப்பக்கம்கூட வரவில்லை. பின்னாளில் காணிப் பிரச்சினைகளோடு மல்லுக்கட்டத் தொடங்கிய பிறகே அதைத் தேடிப் படித்தேன்.

திருநெல்வேலியின் தென்கிழக்கில் தேரி என்று சொல்லப்படும் செம்மணல் வெளிகள் உள்ளன. காற்றடித்தால் மணல் இடம்மாறும். அங்கே நெல் விளையாது. பனைதான் வாழ்வு. அவர்கள் பதநீர் என்பது எங்கள் கருப்பநீர். அவர்கள் கருப்பட்டி என்பது நாம் குட்டானில் வார்க்கும் பனங்கட்டி. பருவகாலத்தில் ஒருவர் நாளொன்றுக்கு 30, 40 மரங்களில் காலையும் மாலையும் ஏறி இறங்குவார். மனைவி அடுப்படியில் நின்று பாணி காய்ச்சுவாள். இவ்வளவு உழைத்தும் மரமும் நிலமும் பெரும்பாலும் வேறொருவருக்கே சொந்தம். குத்தகையும் கடனும் போக மிஞ்சுவது கஞ்சி. குடியிருந்த ஓலை வீடுகூட நிலக்காரர் பொறுத்துக்கொள்ளும்வரைதான்.

இந்த மக்களிற் பலர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிறிஸ்தவத்தைத் தழுவத் தொடங்கினர். விசுவாசம், பாதுகாப்புத் தேடல், பிள்ளைகளுக்குப் படிப்பு, நோய்நொடிப் பயம் எல்லாம் அதில் கலந்திருந்தன. கலப்பில்லாத காரணத்தோடு எந்த மனிதன்தான் ஒரு பெரிய முடிவை எடுக்கிறான்? ஆனால் விளைவு ஒன்றாகவே இருந்தது. நிலக்காரருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் கோபம். வீடுகள் பிடுங்கப்பட்டன, வழக்குகள் சோடிக்கப்பட்டன, கிணற்றில் தண்ணீர் மறுக்கப்பட்டது. குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு வெளியேறின. இந்தப் பத்திரிகையை வாசிக்கும் உங்களுக்கு அதை விவரிக்கத் தேவையில்லை.

1799இல், அதே மக்களுள் ஒருவரான தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார், துரத்தப்பட்டவர்களுக்கென்று ஒரு துண்டு நிலம் வாங்கச் செய்தார். அங்கே எழுந்த குடியிருப்புக்கு முதலூர் என்று பெயர் வைத்தார்கள். முதல் ஊர். பெயரிலேயே ஒரு நம்பிக்கை இருக்கிறது பாருங்கள்: இது முதலாவது, இனியும் வரும்.

அதே 1799இல் லண்டனில் சி. எம். எஸ். என்ற திருச்சபை மிஷனரிச் சங்கம் தோன்றியது. அங்கிலிக்கன் சபைக்குள் சுவிசேஷப் பற்றாளர் என்று ஒரு பிரிவினர் உண்டு. சடங்கைவிட வேதவாசிப்புக்கும், தனிமனிதனின் மனமாற்றத்துக்கும் முதலிடம் கொடுப்பவர்கள். இச்சங்கம் அவர்களுடையது. 1818இல் யாழ்ப்பாணம் நல்லூரில் பணி தொடங்கியதும் இதே சங்கம்தான். 1820இல் அது பாளையங்கோட்டைக்கு அனுப்பியவர் ரேனியுஸ் என்பவர். திருநெல்வேலியார் இன்றும் அவரை ரேனியுஸ் ஐயர் என்பார்கள். பிரஷிய நாட்டில் 1790இல் பிறந்த ஜேர்மானியர், லூத்தரன் முறையில் குருத்துவம் பெற்றவர். அங்கிலிக்கன் சங்கத்தின் கீழ் ஒரு லூத்தரன் குரு! இதை நினைவில் வைத்திருங்கள். பின்னால் வந்த குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. தமிழில் பூமி சாஸ்திர நூல் எழுதியவரும் இவரே.

1830இல் ரேனியுஸ் ஐயரின் சபையில் தர்ம சங்கம் என்ற ஓர் அமைப்பு உருவானது. அதன் வேலை நிலம் வாங்குவதும் வீடு கட்டுவதும். எங்காவது குடும்பங்கள் துரத்தப்பட்டால் அவர்களை வைக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம் நாளை வேறொருவர் வந்து "எழும்பு" என்று சொல்ல முடியாத இடமாக இருக்கவேண்டும். வெளியிலிருந்து வந்த உதவியோடு உள்ளூர்க் கிறிஸ்தவர்களின் பணமும் அதில் சேர்ந்தது. டோனாவூர் என்ற பெயருக்குக் காரணம், அங்கே ஆலயம் கட்டப் பணம் அனுப்பிய டோனா என்ற பிரஷியப் பிரபு. ஆனால் மற்ற ஊர்களின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: மெய்ஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், கடாட்சபுரம், ஆனந்தபுரம். ஊரை இழந்தவர்கள் புதிதாக வைத்துக்கொண்ட பெயர்கள் இவை.

இவற்றுள் மெய்ஞ்ஞானபுரத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லவேண்டும். 1830களின் பிற்பகுதியில் ஜோன் தோமஸ் என்ற வேல்ஸ் நாட்டுக் குருவானவர் அங்கே வந்தபோது அது முள்ளும் மணலும் நிறைந்த வெளி. அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று கிணறு தோண்டியது. பிறகு மரம் நட்டார்கள். மணலை மரம் பிடித்தது, மரத்தைத் தண்ணீர் பிடித்தது, தண்ணீரைச் சுற்றி மனிதர் இருந்தார்கள். புயல் ஒன்றில் பழைய ஆலயம் விழுந்தபின் 1847இல் புதிய கல்லாலயத்துக்கு அத்திவாரமிட்டார்கள். அதன் கோபுரம் 192 அடி. இவ்வளவு உயரம் தேவைதானா என்று அபிவிருத்திக்காரனாகிய எனக்குள் ஒரு முணுமுணுப்பு உண்டு. ஆனால் குடிசையிலிருந்து துரத்தப்பட்டவனுக்கு, தூரத்திலிருந்தே "அது என் ஊர்" என்று காட்ட ஓர் அடையாளம் வேண்டியிருந்திருக்கும் போலும். தோமஸ் 1870இல் அங்கேயே காலமானார்.

இந்தச் சபைகளில் பிடியரிசி வழக்கம் வேரூன்றியது. சமைக்கும்போதெல்லாம் பெண்கள் ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்து வைப்பார்கள். அது சபைக்குப் போகும். எங்கள் தாய்மாருக்கும் இது புதிதல்ல. கஞ்சிக்கே வழியில்லாதவன் கொடுப்பானா என்று கேட்போருக்கு அவர்கள் உலையில் போடும் அரிசியிலிருந்தே பதில் சொன்னார்கள்.

இனிக் கதையின் கசப்பான பகுதி. ரேனியுஸ் ஐயர் தம்முடைய உபதேசிமாருக்கு லூத்தரன் முறையில் குருத்துவம் கொடுக்க விரும்பினார். சங்கமோ அங்கிலிக்கன் ஆயரே அதைச் செய்யவேண்டும் என்றது. அங்கிலிக்கன் ஒழுங்குகளைக் குறைகூறி அவர் ஒரு நூல்மதிப்புரையும் எழுதினார். 1835இல் சங்கம் அவரை நீக்கியது. அவர் ஆற்காட்டுப் பக்கம் போனார். மக்களோ திரும்பி வரும்படி வேண்டிக்கொள்ள, வந்தார். அதன்பின் ஒரே சீமையில் இரண்டு அணிகள். ஒரு ஊரில் சங்கத்தின் உபதேசியார், அடுத்த ஊரில் ஐயரின் உபதேசியார். உறவினருக்குள்ளும் பேச்சு நின்றது. 1838இல் அவர் பாளையங்கோட்டையில் இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். காலப்போக்கில் இரு அணிகளும் மீண்டும் ஒன்றாயின.

யார் செய்தது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. எனக்கு இரண்டு பக்கத்திலும் நியாயம் தெரிகிறது. நான் கேட்பது வேறு. துரத்தப்பட்டு வந்து, பொதுப்பணத்தில் வாங்கிய நிலத்தில் குடியிருந்த ஒரு பனையேறிக் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். சண்டை யார் குருத்துவம் கொடுப்பது என்பதைப் பற்றியது. கிணற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் நிலம் அந்தக் குடும்பத்தின் பெயரில் இல்லாதபோது, மேலே நடக்கும் எந்தச் சண்டையும் அடுப்படிக்கு வந்துவிடுகிறது. "நாங்கள் எந்தப் பக்கம் நின்றால் இங்கே இருக்கலாம்?" என்று அவர்கள் இரவில் கதைத்திருக்கமாட்டார்களா?

இன்னொன்றும் உண்டு. மிஷன் நிலத்தில் எழுந்த ஊர்களில் குருவானவரே நிலக்காரர் போலவும் நீதவான் போலவும் இருக்கவேண்டி வந்தது. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் பழைய நிலக்காரரிடம் கைகட்டி நின்றவன் புதியவரிடமும் கைகட்டி நின்றான். மேலும் இந்த ஊர்களிற் பல ஒரே சாதியார் கூடி வாழ்ந்த ஊர்களாகவே இருந்தன. சேர்ந்து துரத்தப்பட்டவர்கள் சேர்ந்து குடியேறியது இயல்புதான். அதனால் கிடைத்த பலமும் உண்டு, அடைபட்ட கதவுகளும் உண்டு.

என் சொந்தத் தவறையும் சொல்லிவிடுகிறேன். பத்து ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஓர் இடத்தில் நீர்ப்பம்பிக் கொட்டில் நின்ற காணியைச் சங்கச் செயலாளரின் பெயரில் எழுதினோம். நேர்மையான மனிதர், சாட்சிக் கையொப்பம் வைத்தவன் நானே. அவர் இறந்தார். வெளிநாட்டிலிருந்த மகன் தகப்பனின் சொத்து என்று காணியை விற்றார். அவர்மேல் பிழை சொல்லமுடியாது. உறுதி அப்படித்தான் சொன்னது. பதினெட்டுக் குடும்பங்களின் மிளகாய்த் தோட்டம் அந்தப் போகம் காய்ந்தது.

திருநெல்வேலிச் சபையின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1854இல் எமது மலையகத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளருக்கென்று ஓர் அங்கிலிக்கன் பணி தொடங்கியபோது திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்தார்கள். 1977க்குப் பின் வன்னிக்கு வந்து காடு வெட்டிய மலையகக் குடும்பங்களில் சிலருடைய வேர் அந்தத் தேரி மண்ணிலேயே இருக்கக்கூடும். 1902இல் வெள்ளாளன்விளையைச் சேர்ந்த அசரியா என்ற இளைஞர் யாழ்ப்பாணம் வந்தார். இங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தமது சொந்தப் பணத்தில் தென்னிந்தியாவுக்கு ஊழியர்களை அனுப்புவதைக் கண்டு வெட்கப்பட்டுத் திரும்பினார். அடுத்த ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனரிச் சங்கம் எழுந்தது. 1912இல் அவர் முதலாவது இந்திய அங்கிலிக்கன் ஆயரானார். 1896இல் உருவான திருநெல்வேலி மறைமாவட்டம் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையுடன் இணைந்தது. மெய்ஞ்ஞானபுரம் உள்ள பகுதி 2003 முதல் தூத்துக்குடி–நாசரேத் என்று தனி மறைமாவட்டம். இன்றும் அந்த ஊர்களில் அசனம் என்று ஒரு விருந்து உண்டு. பெரிய அண்டாக்களில் ஊரே கூடிச் சமைத்து, ஊரே கூடி உண்ணும். பட்டணத்துக்கும் வெளிநாட்டுக்கும் போனவர்கள் அதற்காகத் திரும்பி வருவார்கள்.

இனி எங்கள் இரண்டு பரப்புக் காணி. பதிவு செய்யப்பட்ட கூட்டுறவுச் சங்கம் சட்டத்தின் முன் ஓர் ஆளைப்போல நின்று தன் பெயரில் காணி வைத்திருக்கலாம். வெறும் குழுவாகக் கூடியிருக்கும் நாம் அப்படிச் செய்யமுடியாது. நம்பிக்கைப் பொறுப்பாளர்களின் பெயரில் எழுதுவதாயின், அவர்கள் யாருக்காக, எதற்காக அதை வைத்திருக்கிறார்கள் என்பதும், ஒருவர் இறந்தால் அடுத்தவர் எப்படித் தெரிவாவார் என்பதும் உறுதியிலேயே இருக்கவேண்டும். எதைச் செய்தாலும் நொத்தாரிசிடம் போகுமுன் நாமே பேசி முடிவெடுப்போம்.

ஆகவே அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குடும்பமும் ஒரு கொப்பித் தாளில், விட்டு வந்த காணியோ இப்போது இருக்கும் காணியோ, அதன் நான்கு எல்லையையும், கிணறு எங்கே என்பதையும், நின்ற பனைகளின் தொகையையும் எழுதி வாருங்கள். எழுத இயலாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதட்டும். கூட்டத்தில் ஒரு கேள்வியைத்தான் எடுக்கப்போகிறோம்: தலைவர் இறந்தால், பங்குக்குரு மாற்றலாகிப் போனால், சங்கம் இரண்டாக உடைந்தால், மறுநாள் காலை வாளியோடு கிணற்றடிக்கு வரும் பெண் யாரிடம் அனுமதி கேட்கவேண்டும்? கோயிலின் பெயரில் எழுதச் சொன்ன அந்தத் தாயிடமே முதலில் கேட்கவிருக்கிறேன்.