ஏசி ஏன் நிற்காமல் ஓடுகிறது? எக்ஸெல் உதவியுடன் நீங்களே கண்டுபிடிக்கலாம்

கம்ப்யூட்டர் வைத்திருக்கும் அறைக்கு ஏசி போட்டவர்கள் பலருக்கும் கோடையில் ஒரு சந்தேகம் வரும். "மதியம் ஆன் செய்த ஏசி இரவு வரை நிற்கவே இல்லையே, பழுதாகி விட்டதா?" என்பதுதான் அது. போன கோடையில் எங்கள் வீட்டிலும் இதே கேள்வி எழுந்தது.

எங்கள் வீடு தூத்துக்குடியில், கடற்கரைச் சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் சென்னையில் சாப்ட்வேர் பொறியாளராக வேலை பார்க்கிறேன். மே மாதம் ஊருக்குப் போனபோது கம்ப்யூட்டர் அறையில் ஏசி ஆஃப் செய்யப்பட்டிருந்தது. அம்மாவிடம் கேட்டேன். "ஏல, அது நிக்கவே மாட்டேங்கு. இப்படியே ஓடினா கரண்ட் பில்லுக்கு எங்க போக?" என்றார். அந்த அறையில்தான் எண்பது வயதைத் தாண்டிய ஆச்சி படுத்திருப்பார். முந்தின வாரம் ஏசியை நிறுத்தி வைத்திருந்த ஒரு பகலில் ஆச்சிக்குத் தலைசுற்றல் வந்து, மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். வெயில்தான் காரணம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

மெக்கானிக் ஏற்கெனவே இரண்டு முறை வந்து கேஸ் நிரப்பிவிட்டுப் போயிருந்தார். மூன்றாவது முறை, "கம்ப்ரஸர் வீக் ஆயிட்டு சார், ஒண்ணரை டன் புதுசா போட்டுருங்க" என்றார். உடனே பணம் எடுக்காமல், ஆபீஸில் ஒரு புரோகிராம் தகராறு செய்தால் என்ன செய்வேனோ அதையே வீட்டிலும் செய்து பார்த்தேன். அதாவது, எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து பார்ப்பது.

ஏசி எப்படி முடிவு செய்கிறது?

ஏசிக்குள் தெர்மோஸ்டாட் என்ற உணர்கருவி உண்டு. அது ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது: "அறையின் வெப்பம் ரிமோட்டில் வைத்த அளவை விட அதிகமா?" ஆம் என்றால் கம்ப்ரஸர் ஓடும். இல்லை என்றால் நிற்கும். கம்ப்ரஸர் நிற்கவில்லை என்றால், அறை இன்னும் அந்த அளவுக்குக் குளிரவில்லை என்று பொருள்.

கம்ப்யூட்டரில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்திருப்பீர்கள். சிபியு 100 சதவீதம் என்று காட்டினால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, உண்மையிலேயே பெரிய வேலை நடக்கிறது. இரண்டு, ஏதோ ஒன்று சிக்கிக் கொண்டிருக்கிறது. ஏசியும் அப்படித்தான். சுமை அதிகமா, பழுதா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். கம்ப்ரஸர் நின்ற பிறகும் பல ஏசிகளில் உள்ளே இருக்கும் விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே வெளியே இருக்கும் அவுட்டோர் யூனிட் ஓடுகிறதா என்று பாருங்கள். அடுத்து, உங்களுடையது இன்வெர்ட்டர் ஏசி என்றால், அறை குளிர்ந்த பின்னும் அது முழுதாக நிற்காமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும். அது பழுதல்ல, அதன் வேலை முறையே அதுதான்.

ஒரு டன் என்றால் என்ன?

டன் என்பது ஏசியின் எடை அல்ல. சுமார் 907 கிலோ ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை எடுத்துக்கொள்ளுமோ, அந்த வேகத்தில் வெப்பத்தை வெளியேற்றும் திறன்தான் ஒரு டன். இது ஏறக்குறைய 3,500 வாட். இந்தத் திறன், வெளியே 35 டிகிரி வெப்பம் இருக்கும்போது சோதித்துச் சொல்லப்படுவது. வெளியே 40 டிகிரி ஆனால் திறன் குறையும். அதே நேரத்தில் அறைக்குள் வரும் வெப்பமோ கூடும். கத்திரி வெயில் மதியத்தில் ஏசி நிற்காமல் ஓடுவதற்கு இதுவே முதல் காரணம்.

அறைக்குள் வெப்பம் எங்கிருந்து வருகிறது? கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, இரவு வரை கீழே இறக்கிக்கொண்டிருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் சுமார் 100 வாட் வெப்பம் தருகிறார். உங்கள் கம்ப்யூட்டர் 150 வாட் மின்சாரம் எடுத்தால், அத்தனையும் கடைசியில் வெப்பமாகி அறைக்குள்தான் சேரும். ஏசி அறையில் கம்ப்யூட்டரை வேலையில்லாமல் ஓட விட்டால் இரண்டு முறை பில் கட்டுகிறீர்கள். கம்ப்யூட்டருக்கு ஒன்று, அதன் சூட்டை வெளியேற்ற இன்னொன்று.

உப்பளத்துச் சூடு

எங்கள் ஊரில் இன்னொரு சுமையும் உண்டு. உப்பளத்துப் பாத்தியில் கடல் தண்ணீரைக் கட்டினால் வெயிலில் தண்ணீர் ஆவியாகி உப்பு மிஞ்சும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 0.68 யூனிட் வெப்பம் தேவை. அந்த வெப்பம் காணாமல் போவதில்லை, ஈரப்பதத்தோடு காற்றில் இருக்கிறது. அந்த ஈரக் காற்று அறைக்குள் வந்து ஏசியின் குளிர்ந்த காயிலில் பட்டுத் தண்ணீராக மாறும்போது, அதே 0.68 யூனிட் வெப்பத்தை ஏசியின் தலையில் இறக்கி வைக்கிறது.

மாலையில் கடல் காற்று வந்தால் வெளியே சூடு குறையும், ஆனால் ஈரம் கூடும். அதனால்தான் "காத்து வந்த பிறகும் ஏசி நிக்கலையே" என்று தோன்றுகிறது.

ஈரத்தை எடுப்பது ஏசிக்குப் பிற்பாடு வந்த வேலை அல்ல. 1902இல் வில்லிஸ் கேரியர் என்ற பொறியாளர், நியூயார்க் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்துக்காகத் தன் முதல் ஏசி அமைப்பை வடிவமைத்ததே ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான். ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்கியதால் வண்ண அச்சு சரியாகப் பதியவில்லை.

எக்ஸெலில் ஒரு சோதனை

கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று, ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று, இவை போதும். எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் திறந்து, முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளைத் தாருங்கள்: நேரம், உள்ளே போகும் காற்று, வெளியே வரும் காற்று, வித்தியாசம், தண்ணீர், கம்ப்ரஸர்.

1. ஏசியை 15 நிமிடம் ஓட விடுங்கள். பிறகு இண்டோர் யூனிட்டின் மேல் பக்கம், காற்று உள்ளே போகும் இடத்தில் வெப்பத்தைக் குறியுங்கள்.
2. குளிர்காற்று வரும் வாயில் தெர்மாமீட்டரைப் பிடித்து அதையும் குறியுங்கள். சுழலும் விசிறியில் படாமல் பார்த்துக் கொள்ளுங்கள்.
3. வித்தியாசம் என்ற தலைப்பின் கீழ் உள்ள கட்டத்தில் சமக் குறி போடுங்கள். உள்ளே போகும் காற்றின் அளவைக் க்ளிக் செய்து, கழித்தல் குறி போட்டு, வெளியே வரும் காற்றின் அளவைக் க்ளிக் செய்து என்டர் தட்டுங்கள். விடை வரும். அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலையில் உள்ள சின்னச் சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற வரிசைகளுக்கும் கணக்கு தயார்.
4. ஏசியின் தண்ணீர்க் குழாயின் அடியில் பாட்டிலை வைத்து, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சேர்கிறது என்று பாருங்கள்.
5. மணிக்கு ஒரு முறை, மதியம் முதல் இரவு வரை இப்படியே குறியுங்கள்.

வித்தியாசம் பொதுவாக 8 முதல் 12 டிகிரி இருந்தால் ஏசி தன் வேலையைச் செய்கிறது, சுமைதான் அதிகம். ஈரம் மிகுந்த நாளில் இது சற்றுக் குறையலாம். ஆனால் 4, 5 டிகிரிதான் என்றால் ஏசியில் ஏதோ கோளாறு இருக்கிறது.

எங்கள் வீட்டில் என்ன தெரிந்தது?

மதியம் 3 மணிக்கு உள்ளே போகும் காற்று 31, வெளியே வரும் காற்று 26. வித்தியாசம் 5. ஆக, பழுது உண்டு. பில்டரை எடுத்துப் பார்த்தேன், சுத்தமாகத்தான் இருந்தது. மொட்டை மாடிக்குப் போனேன்.

அவுட்டோர் யூனிட் கடலைப் பார்த்து இருந்தது. உப்புக் காற்று படக் கூடாது என்று அப்பா மூன்று பக்கமும் தகரம் அடித்து வைத்திருந்தார். யூனிட் வெளியே தள்ளும் சூடான காற்று தகரத்தில் முட்டி, திரும்ப யூனிட்டுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. பின்பக்கம் இருந்த அலுமினியத் தகடுகளின் இடைவெளி உப்பும் தூசியும் சேர்ந்து வெள்ளையாக அடைத்திருந்தது. கம்ப்யூட்டர் கேபினெட்டைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பிராசசர் சூடாகுமே, அதே கதைதான்.

தகரத்தைக் கழற்றினோம். மெயின் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு, நல்ல தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவினோம். அழுத்தமான பம்ப் உபயோகிக்கக் கூடாது, தகடுகள் வளைந்துவிடும். மறுநாள் அதே நேரம் அளந்தபோது 30க்கு 20. வித்தியாசம் 10. புது ஏசியும் வேண்டாம், புதுக் கம்ப்ரஸரும் வேண்டாம் என்றானது.

அப்படியும் அன்று மதியம் ஏசி நிற்கவில்லை. பாட்டிலில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் சேர்ந்தது. அதாவது, ஒரு டன் ஏசியின் திறனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஈரத்துக்கே போகிறது. ஜன்னல் இடுக்கை அடைத்தோம், கதவுக்கடியில் ரப்பர் பட்டை ஒட்டினோம், மாடித் தளத்துக்கு வெள்ளைக் கூலிங் பெயிண்ட் அடித்தோம். இப்போது மதியம் தொடர்ந்து ஓடுகிறது, இரவு பத்து மணிக்கு மேல் விட்டு விட்டு ஓடுகிறது. இருக்க வேண்டியதும் அப்படித்தான்.

மறக்கக் கூடாதவை

* கேஸ் என்பது பெட்ரோல் போல் தீர்ந்து போவதல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் நிரப்பச் சம்மதிக்காதீர்கள். அளவுக்கு மேல் நிரப்பினாலும் குளிர்ச்சி குறையும்.
* தேவைக்கு மேல் பெரிய ஏசி வாங்காதீர்கள். அது அறையைச் சட்டென்று குளிர்வித்து நின்றுவிடும், ஈரத்தை எடுக்க நேரம் இருக்காது. அறை பிசுபிசுக்கும்.
* ரிமோட்டில் 16 வைத்தால் சாதாரண ஏசி வேகமாகக் குளிர்விக்காது, நெடுநேரம் ஓடும், அவ்வளவுதான். 2020 ஜனவரி முதல் ஸ்டார் முத்திரை பெற்ற ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று மின் சிக்கன அமைப்பான பிஇஇ சொல்கிறது. 26 வைத்து, மின்விசிறியை மெதுவாக ஓட விடுங்கள்.
* குழாயிலோ காயிலிலோ ஐஸ் கட்டினால் ஏசியை நிறுத்தி, பில்டரைப் பாருங்கள். அது சுத்தமாக இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.
* கடலோர ஊர்க்காரர்கள் கோடையில் மாதம் ஒரு முறையாவது அவுட்டோர் யூனிட்டை நல்ல தண்ணீரில் கழுவுவது நல்லது.
* வயதானவர்கள் இருக்கும் அறையில் பில்லுக்குப் பயந்து உச்சி வெயிலில் ஏசியை நிறுத்தாதீர்கள். ஒரு டன் சாதாரண ஏசி தொடர்ந்து ஓடினால் மணிக்குச் சுமார் ஒரு யூனிட் ஆகும். மின் மீட்டரைப் பார்த்து இதையும் எக்ஸெலில் எழுதுங்கள். எவ்வளவு ஆகிறது என்று தெரிந்தால் பயம் குறையும்.

எங்கள் அம்மாவுக்கு அப்படித்தான் குறைந்தது. இப்போது மதியம் ஏசியை அவரே ஆன் செய்கிறார். இந்த ஃபைலுக்குத் தேதியைப் பெயராக வைத்துச் சேமியுங்கள். அடுத்த கோடையில் ஏசி நிற்கவில்லை என்றால், பழைய எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மெக்கானிக்குக்குப் போன் செய்யலாம்.