வாசலில் நின்ற காவலர்

வேத பாடம்: அப். 23:11-35



ஒரு டிசம்பர் 31 ராத்திரி. மம்சாபுரத்தில் நம்முடைய சபையில் வருஷக் கடைசி ஆராதனை. உள்ளே நாங்கள் பாடிக்கொண்டிருந்தோம். வெளியே பனியில் ஒரு போலீஸ்காரர் லத்தியோடு நின்றுகொண்டிருந்தார். ஆராதனை முடிந்து எல்லோரும் கேக்கும் காப்பியும் சாப்பிட்டோம். "நமக்காக நிக்கிறாரே, அவருக்கும் ஒரு டம்ளர் குடுப்போம்"னு ஒருத்தருக்கும் தோணலை. போதகனாகிய எனக்கும் தோணலை. வீட்டுக்குப் போன பிறகுதான் உள்ளம் குத்தியது.

1. தேவன் காவலரையும் உபயோகிக்கிறார்

பேதுருவைச் சிறையிலிருந்து விடுவிக்கத் தேவதூதன் வந்தான் (அப். 12). ஆனால் பவுலைக் கொல்ல நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் சபதம் பண்ணினபோது தூதன் வரவில்லை. பவுலின் சகோதரி மகன் சொன்ன தகவலைக் கேட்டு, ரோம சேனாபதி லீசியா ஏற்பாடு செய்தான். காலாட்கள் 200, குதிரைவீரர் 70, ஈட்டிக்காரர் 200. ஆக 470 பேர், ஒரே ஒரு கைதியைக் காப்பாற்ற ராத்திரியோடு ராத்திரியாகப் புறப்பட்டார்கள். ரோமாபுரியிலும் சாட்சி கொடுப்பாய் என்ற வாக்குத்தத்தம் முந்தின ராத்திரிதான் பவுலுக்குக் கிடைத்தது. அதை நிறைவேற்றத் தேவன் இந்தச் சேவகரின் கால்களை உபயோகித்தார். அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

2. அந்தச் சேவைக்கு விலை உண்டு

1959 அக்டோபர் 21-ல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படையினர் தாக்கியதில் 10 போலீசார் உயிர் கொடுத்தார்கள். அதனால்தான் அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாள். லடாக் ரொம்ப தூரம் என்கிறீர்களா? 2020 ஜனவரி 8-ல் களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு எஸ்.ஐ. வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே வருஷம் ஆகஸ்ட் 18-ல் தூத்துக்குடி மாவட்டத்தில் ரவுடியைப் பிடிக்கப் போன காவலர் சுப்பிரமணியன் நாட்டு வெடிகுண்டுக்குப் பலியானார். 2021 நவம்பர் 21-ல் திருச்சி நவல்பட்டு சிறப்பு எஸ்.ஐ. பூமிநாதன், ஆடு திருடர்களைத் துரத்திப் போய் வெட்டிக் கொல்லப்பட்டார். யோசித்துப் பாருங்கள், யாரோ ஒருவருடைய ஆட்டுக்காக!

3. கனம்பண்ணுவது வேறு, கண்ணை மூடுவது வேறு

"பாஸ்டர், சாத்தான்குளத்தை மறந்துட்டீங்களா?" என்று கேட்பீர்கள். மறக்கவில்லை. 2020 ஜூனில் அங்கே போலீஸ் நிலையத்தில் அடிபட்ட தந்தையும் மகனும் இறந்தார்கள். அது பாவம். யோவான் ஸ்நானனிடம் சேவகர் வந்தபோது, வேலையை விட்டுவிடுங்கள் என்று அவன் சொல்லவில்லை. மிரட்டிப் பறிக்கக் கூடாது, பொய்க் கேஸ் போடக் கூடாது, சம்பளத்துக்கு மேல் ஆசைப்படக் கூடாது என்றே புத்தி சொன்னான் (லூக். 3:14). காக்கிச் சட்டைக்குள் நடக்கும் அநியாயத்தைக் கண்டிப்பதும், அந்தச் சட்டையோடு உயிர் கொடுத்தவர்களைக் கனம்பண்ணுவதுதான்.

4. நாம் செய்ய வேண்டியது

* அதிகாரத்திலுள்ளவர்களுக்காக ஜெபிக்கச் சொன்ன இடத்தில் (1 தீமோ. 2:1,2) மந்திரிகளோடு நிறுத்தாமல், நம்ம ஊர் ஸ்டேஷன் காவலர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.
* நம் காரியம் நடக்க லஞ்சம் நீட்டி அவர்களைப் பாவத்தில் தள்ளாதிருங்கள்.
* பண்டிகை நாளிலும் புருஷனையோ மனைவியையோ டியூட்டிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் காவலர் குடும்பங்களை விசாரியுங்கள்.

வருகிற டிசம்பர் 31-ல், முதல் டம்ளர் காப்பி வாசலுக்குப் போகட்டும். நானே கொண்டுபோகிறேன். ஆமென்.