நகைமுகச் சித்திரங்கள்

நுழையும்முன்

பள்ளியை விட்டுப் பல்லாண்டுகள் கடந்தபின் பாடம் மறந்துபோகலாம், பட்டப்பெயர் மறப்பதில்லை. உடன் பயின்றவரின் நடை, ஆசிரியரின் குரல், கடைசி வரிசையின் குறும்பு ஆகியவற்றை நகைச்சுவையுடன் தீட்டிக் காட்டுவது ஓர் எழுத்துக்கலை. அக்கலைக்கு இலக்கணமும் உண்டு; எல்லையும் உண்டு. நண்பரை மகிழ்விக்கும் கேலி எந்த இடத்தில் அவரைக் காயப்படுத்தும் இகழ்ச்சியாக மாறுகிறது என்பதை ஆராய்கிறது இப்பாடம்.

நகைக்கு இலக்கணம்

மனித உணர்வுகளை எட்டு மெய்ப்பாடுகளாக வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் நகையையே முதலில் வைத்தார். நகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கு என்றும் கூறினார். அவை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன. எள்ளல் என்பது கேலி. இளமை என்பது குழந்தைத்தனம். பேதைமை என்பது அறியாமை. மடன் என்பது கேட்டதை ஆராயாமல் மெய்யென்று நம்பிவிடுதல். இந்த நான்கும் ஒரே கூரையின்கீழ்க் குறைவின்றிக் கிடைக்கும் இடம் வகுப்பறை. அதனால்தான் பள்ளி நினைவுகளை எழுதுவோர் சிரிப்பைத் தேடி வேறெங்கும் செல்ல வேண்டியிருப்பதில்லை.

எள்ளலுக்கு உரை கண்ட பேராசிரியர் ஒரு நுட்பத்தைச் சேர்த்தார். தான் பிறரை எள்ளி நகுவதும், பிறர் தன்னை எள்ளும்போது தானும் நகுவதும் என எள்ளல் இருவகைப்படும் என்பது அவர் விளக்கம். கேலிக்கு ஆளானவரும் சேர்ந்து சிரிக்க இயல வேண்டும் என்பதே கேலிச் சித்திரத்தை அளக்கும் கோலாகும்.

சொல்லால் ஒரு மல்யுத்தம்

1882ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார், திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் பயின்றவர். அவரது இளமைக் காலத்து நிகழ்ச்சியாக வழிவழியாகச் சொல்லப்படுவது ஒன்று உண்டு. சிறுவயதிலேயே அவர் 'பாரதி' என்னும் பட்டம் பெற்றதை வயதில் மூத்தவரான காந்திமதிநாதன் என்பவர் ஏற்கவில்லை. பாரதி ஒரு சிறுபயல் என்று பொருள்படும் ஈற்றடியைக் கொடுத்து, அதற்கேற்ப வெண்பா பாடுமாறு அறைகூவல் விடுத்தார். பாடினால் தன்னைத் தானே இகழ்ந்துகொண்டதாகும், பாடாவிட்டால் தோற்றதாகும்.

பாரதியார் பாடினார். தம் பெயரைப் 'பார்', 'அதி' என இரண்டாகப் பிரித்தார். அறைகூவியவரைப் பாருங்கள், மிகமிகச் சிறியவர் அவரே என்று பொருள் திரும்பியது. கொடுத்த சொற்களில் ஓர் எழுத்தும் மாறவில்லை. கேலியின் முகவரி மட்டும் மாறிவிட்டது. இந்நிகழ்ச்சியின் சிறப்பு இதன் பின்னர்தான் தொடங்குகிறது. மூத்தவர் முகம் வாடக் கண்ட பாரதியார், அதே ஈற்றடிக்கு மற்றொரு வெண்பாவும் பாடி, அவரை உயர்த்தித் தம்மையே சிறியவராக்கிக்கொண்டார். சொல்லால் வெல்லத் தெரிந்தவர் பலர்; வென்றபின் எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்கத் தெரிந்தவர் சிலரே.

மால்குடியின் வகுப்பறை

பள்ளித் தோழர்களையும் ஆசிரியர்களையும் நகைச்சுவையுடன் தீட்டியவர்களுள் உலகப் புகழ் பெற்றவர் ஆர்.கே. நாராயண். 1906இல் சென்னையில் பிறந்த அவர், தந்தை தலைமையாசிரியராகப் பணியாற்றிய மைசூர்ப் பள்ளியிலும் பயின்றவர். ஆங்கிலத்தில் அவர் எழுதிய முதல் நாவலான 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' 1935இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. மால்குடி என்னும் கற்பனை ஊர் அதில்தான் பிறந்தது.

அந்நாவலில் வரும் நண்பர் கூட்டம் எந்த ஊர்ப் பள்ளியிலும் காணக்கூடியது. எல்லாருக்கும் மாமனைப்போல் நடந்துகொள்ளும் வகுப்புத் தலைவன் சோமு. புத்தகம் கொண்டு வராமல் கடைசி வரிசையில் அமர்ந்து, உடல் வலிமையால் மதிப்புப் பெறும் மணி. எந்தக் கணக்கையும் நொடியில் போடும் சங்கர். உருவத்தால் மிகச் சிறியவன் என்பதால் 'பட்டாணி' எனப் பெயர் பெற்ற சாமுவேல். பட்டாணிக்கும் சுவாமிநாதனுக்கும் இடையிலான நட்புக்கு ஒரே காரணம் சிரிப்பு. மற்றவர் கண்ணுக்குத் தெரியாத வேடிக்கைகள் இவ்விருவர் கண்ணுக்கும் ஒருசேரத் தெரிந்தன.

ஆசிரியர்களும் தப்பவில்லை. வீட்டுக் கணக்கு திருத்தப்படும்போது சுவாமிநாதன் விடையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஆசிரியர் வேதநாயகத்தின் முகத்தை அருகிலிருந்து ஆராய்கிறான். கண்கள் இரண்டும் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்ற முடிவுக்கு வருகிறான்! மாணவரை ஆசிரியர் மதிப்பிடும் அதே நேரத்தில் மாணவரும் ஆசிரியரை மதிப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்னும் உண்மை இக்காட்சியில் சிரிப்பாக மலர்கிறது.

எனினும் அதே நாவலில் கசப்பும் உண்டு. புதிதாக வந்த செல்வந்தர் வீட்டுப் பிள்ளை இராஜமுடன் சுவாமிநாதன் நெருங்கிப் பழகுகிறான். பழைய நண்பர்கள் அவனுக்கு 'வால்' என்று பெயர் சூட்டுகின்றனர். அச்சொல் கரும்பலகையிலும் ஏறுகிறது. 'பட்டாணி' என்ற பெயரோடு சாமுவேல் நண்பர்களுள் ஒருவனாகவே இருந்தான். 'வால்' என்ற பெயரோ சுவாமிநாதனைக் கூட்டத்திலிருந்து வெளியே தள்ளியது. இரண்டும் பட்டப்பெயர்களே. ஒன்று நட்பின் உள்ளிருந்து பிறந்தது. மற்றொன்று நட்பை முறிப்பதற்கென்றே பிறந்தது.

தெரிந்து தெளிவோம்

பழைய திண்ணைப் பள்ளிகளிலும் மாணவர்களுக்குத் தனிப்பெயர்கள் இருந்தன. விடியற்காலையில் எல்லாருக்கும் முன்பாக வந்து சேரும் மாணவன் 'வேத்தான்' எனப்பட்டான். மற்ற மாணவர்களை மேற்பார்ப்பவன் 'சட்டாம்பிள்ளை' எனப்பட்டான். இச்செய்திகளைத் தம் எழுத்துகளில் பதிவு செய்தவர் தமிழ்த்தாத்தா உ.வே. சாமிநாதையர்.

பனியன் நகரத்துப் பட்டப்பெயர்கள்

பட்டப்பெயர் அந்தந்த மண்ணின் தொழிலிலிருந்து சொல் எடுக்கும். நொய்யல் கரையில் அமைந்த திருப்பூரில் நூல், பின்னல், சாயம், வெட்டு, தையல், சோதனை, பெட்டியடைப்பு என ஒரு பனியன் பல கைகளைக் கடந்து கப்பலேறுகிறது. பெற்றோர் பேசும் தொழிற்சொற்கள் பிள்ளைகளின் நாவிலும் இயல்பாகக் குடியேறும். அச்சொற்களைக் கொண்டு ஒரு வகுப்பறையைக் கற்பனையாகத் தீட்டினால் அது பின்வருமாறு அமையலாம்.

பேசத் தொடங்கினால் நூல் தீரும்வரை நிற்காத மாணவி 'ஓவர்லாக்'. குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் முத்து முத்தாக எழுதிவிட்டு, மூன்றாம் பக்கம் முதல் தமக்கே புரியாதபடி எழுதும் மாணவர் 'சாம்பிள் பீஸ்'. மாதம் முழுவதும் அமைதியாயிருந்து, செயல்திட்டத்தை ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய இரவில் வீட்டையே விழிக்கச் செய்பவர் 'ஷிப்மென்ட்'. மணி அடித்த பின்னும் விசைகளின் இணைகரத்தை விடாமல் விளக்கிக்கொண்டிருக்கும் இயற்பியல் ஆசிரியர் 'ஒன்றரை ஷிப்ட்'. ஒற்று மிகுந்த இடத்தையும் மிகாத இடத்தையும் சிவப்பு மையால் வட்டமிடும் தமிழாசிரியர் 'செக்கிங்'. அவர் கையிலிருந்து ஒரு குறையும் தப்பிக் கடல் கடந்ததில்லை.

இச்சித்திரங்கள் அனைத்தும் ஒருவரது பழக்கத்தை மட்டுமே தொடுகின்றன. பழக்கம் மாறக்கூடியது. 'ஷிப்மென்ட்' எனப் பெயர் பெற்றவர் அடுத்த முறை ஒரு வாரம் முன்பே செயல்திட்டத்தை ஒப்படைத்து, வகுப்பையே வியக்கவைத்துத் தம் பெயரைப் பொய்யாக்கலாம். அவரும் சிரிப்பதற்கு அதில் இடம் இருக்கிறது. மேலும், இக்கேலிக்குள் பாராட்டும் ஒளிந்திருக்கிறது. மணி அடித்த பின்னும் கற்பிக்கும் ஆசிரியரைப் போல் உழைத்தவர் யார் என்று எண்ணிப் பார்க்கும்போது, 'ஒன்றரை ஷிப்ட்' என்னும் பெயர் ஒரு விருதாகிவிடுகிறது.

எல்லைக்கோடு

அதே தொழிற்களத்திலிருந்து வேறு சொற்களும் எடுக்கப்படலாம். குறையுள்ள ஆடைகளை ஒதுக்கி, மலிவு விலையில் விற்பதுண்டு. அவற்றுக்குச் 'செகண்ட்ஸ்' என்று பெயர். தேர்வில் பின்தங்கிய மாணவர் ஒருவருக்கு அப்பெயரைச் சூட்டினால், அது அவர் பழக்கத்தைத் தொடுவதில்லை. அவரே குறைப்பொருள் என்று முத்திரை குத்துகிறது. சாயப்பட்டறையில் உழைத்துக் கறைபடிந்த தந்தையின் கைகளைச் சுட்டி மகனுக்குச் சூட்டும் பெயரும் அத்தகையதே. பிற மாநிலங்களிலிருந்து வேலை தேடி வந்த குடும்பத்துப் பிள்ளை தமிழில் தடுமாறும்போது, அத்தடுமாற்றத்தையே அவர் பெயராக்குவதும் அத்தகையதே. சாதி, நிறம், உடலமைப்பு, வறுமை, தாய்மொழி ஆகியவை ஒருவர் தேர்ந்துகொண்டவை அல்ல. அவற்றைத் தொடும் கேலிக்கு ஆளானவர் சிரித்தாலும், அச்சிரிப்பு அழுகையை மறைக்கும் திரையே. விளையாட்டிலும்கூட இகழ்ச்சி துன்பம் தருவது என்று வள்ளுவர் பண்புடைமை அதிகாரத்தில் உரைத்தது இதனால்தான்.

ஆசிரியர்க்கும் இவ்வெல்லை பொருந்தும். வகுப்பறையில் ஆசிரியர் விளையாட்டாகச் சொன்ன ஒரு சொல்லை நாற்பது குரல்கள் எதிரொலிக்கும். மாணவரின் கேலியை ஆசிரியர் புன்னகையோடு கடந்துவிடலாம். ஆசிரியரின் கேலியைக் கடக்க மாணவருக்குச் சில வேளைகளில் ஆண்டுகள் தேவைப்படும்.

இருபக்கக் கண்ணாடி

கொங்கு நாட்டு எழுத்தாளரும் தமிழ்ப் பேராசிரியருமான பெருமாள்முருகன், தம்மிடம் பயின்றவர்களைப் பற்றி 'மனதில் நிற்கும் மாணவர்கள்' என்னும் நூலை எழுதினார். அவருடைய மாணவர்கள் அவரைப் பற்றி எழுதிய கட்டுரைகள் 'எங்கள் ஐயா' என்னும் நூலாயின. ஆசிரியர் மாணவரைப் பார்த்ததும், மாணவர் ஆசிரியரைப் பார்த்ததும் இரு நூல்களாக எதிரெதிரே நிற்கின்றன. பிறரைத் தீட்டத் துணிபவர், பிறர் கையில் தம் சித்திரமும் உருவாகும் என்பதை ஏற்க வேண்டும்.

ஆதலால் நகைமுகச் சித்திரம் எழுதுவோர்க்கு மூன்று பண்புகள் தேவை. கூர்ந்து நோக்கும் கண் முதலாவது. அது இல்லாவிடில் சித்திரம் வெறும் வசையாகும். மாறக்கூடியதை மட்டும் தொடும் நாகரிகம் இரண்டாவது. தம்மையும் அச்சித்திரத்தில் ஓர் ஓரமாக நிறுத்திக்கொள்ளும் துணிவு மூன்றாவது. இவை மூன்றும் அமைந்த எழுத்தை, தீட்டப்பட்டவரே பிற்காலத்தில் தம் பிள்ளைகளிடம் பெருமையோடு படித்துக் காட்டுவார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வகுப்புத் தோழர் ஒருவரைப் பற்றி ஒரு பக்க அளவில் நகைச்சுவைச் சித்திரம் எழுதுக. முதலில் அதனை அவரிடமே படித்துக் காட்டி, அவர் இசைந்த பின்னர் வகுப்பில் படிக்க.

2. உங்களைப் பற்றி நீங்களே ஒரு கேலிச் சித்திரம் தீட்டுக.

3. உங்கள் ஊரின் தொழிற்சொற்கள் பத்தினைத் தொகுத்து, அவை அன்றாடப் பேச்சில் உவமையாக வழங்கும் முறையை எழுதுக.

4. 'பட்டாணி', 'வால்' என்னும் இரு பட்டப்பெயர்களிடையே உள்ள வேறுபாட்டைப் பேராசிரியரின் எள்ளல் விளக்கத்தோடு பொருத்தி விவாதிக்க.